‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று போட்டுவிட்டால் முடிந்துவிட்டதா?

கேள்வி: தீம் பார்க் பார்ப்பதற்காக நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேருக்கு, முன்பதிவு இணையதளம் ஒன்றில் மூன்று இரவுகளுக்கு விடுதி எடுத்தோம். ‘இரண்டு படுக்கையறை ஃபேமிலி சூட், பார்க் வாசலுக்கு ஐந்து நிமிட நடை’ என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரே அறை, தரையில் ஒரு மெத்தை. பார்க்குக்கு வண்டி வைத்துத்தான் போக முடிந்தது. ‘ரிசார்ட் கட்டணம்’ என்று கவுன்ட்டரில் தனியாகவும் வாங்கினார்கள். மறுநாள் காலையிலேயே காலி செய்துவிட்டு வேறு விடுதிக்கு மாறினோம். மீதி இரண்டு இரவுப் பணத்தைக் கேட்டால் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்கிறது விடுதி. ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்கிறது இணையதளம். பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்த முறை எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. நீங்கள் மனம் மாறி ரத்து செய்திருந்தால் ‘நான்-ரீஃபண்டபிள்’ உங்களைக் கட்டும். சொன்ன அறையை அவர்களே கொடுக்காதபோது அந்த வார்த்தைக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்ள முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத சேவைக்குப் பணத்தைத் திருப்பித்தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தங்குமிடம் தருவதும் ‘சேவை’ என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நீங்கள் அனுப்பிய உறுதிச்சீட்டைப் படித்தேன். ‘ஃபேமிலி சூட், 2 படுக்கையறை, பெரியவர் 3, குழந்தைகள் 2’ என்று ஒரே வரியில் இருக்கிறது. உங்கள் வழக்கு நிற்பது அந்த வரியில்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘அறை வகை இருப்பைப் பொறுத்து மாறலாம்’ என்றும் இருக்கிறது. விடுதி அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வாதாட உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். அப்படிக் கேட்டால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடும், வீண் அலைச்சல். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டை மட்டும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கேளுங்கள். ஐந்து பேருக்குப் பணம் வாங்கிவிட்டு ஒரே அறையில் மெத்தை விரித்தது வெறும் ‘அறை வகை மாற்றம்’ ஆகாது.

உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனமும் உண்டு. காலி செய்யும்போது எதையும் எழுதிக் கொடுக்காமல் வந்திருக்கிறீர்கள். ‘அவர்களாகவே போய்விட்டார்கள்’ என்று விடுதி சொல்லும். நல்லவேளை, போய்ச் சேர்ந்த முதல் இரவே உங்கள் கணவர் இணையதளத்தின் சாட்டில் மெத்தையின் படத்தைப் போட்டுப் புகார் செய்திருக்கிறார். அந்தச் சாட்டை நேரத்தோடு சேமித்து வையுங்கள். விடுதியின் விளம்பரப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே மாற்றிவிடலாம்.

ரிசார்ட் கட்டணத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் காட்டாத தொகையைப் பிறகு கேட்பது ‘டிரிப் பிரைசிங்’. ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் இணையதள ஏமாற்று உத்திகளைத் தடுக்க 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் பட்டியலிடும் உத்திகளில் இதுவும் ஒன்று.

இனி செய்ய வேண்டியது: இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அசையவில்லையென்றால் விடுதி, இணையதளம் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுங்கள். விடுதி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். இரண்டு இரவுப் பணம், ரிசார்ட் கட்டணம், புது விடுதிக்குக் கூடுதலாக ஆன செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். முதல் இரவு தங்கிவிட்டதால் அதற்கு முழுப் பணம் கேட்காதீர்கள். மிகைப்படுத்திக் கேட்டால் உண்மையான குறையின் மேலும் சந்தேகம் விழும்.

அடுத்த முறைக்கு: ‘ஃபேமிலி ரூம்’ என்ற பெயரை நம்பாதீர்கள். அதற்கு நிலையான அளவு எதுவும் இல்லை. எத்தனை கட்டில், கதவு வைத்த அறை எத்தனை, எந்த வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதைப் பதிவு செய்யும் முன் விடுதியிடமே எழுத்தில் கேளுங்கள். தூரத்தைப் பார்க் நுழைவாயில் வரை வரைபடத்தில் அளந்து பாருங்கள், பெரிய பார்க்குகளில் எல்லைச் சுவரிலிருந்து வாசலே வெகு தொலைவு. இலவச வண்டி உண்டு என்றால், பார்க் மூடிய பிறகு திரும்பி வர இருக்கிறதா என்று கேளுங்கள். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் நேரம் அது. மாமியாருக்கு மாடிப்படி முடியாதென்றால் கீழ்த்தளம் அல்லது லிஃப்ட் என்பதையும் அந்த மெயிலிலேயே கேட்டுப் பதில் வாங்குங்கள். அறை தவறாக இருந்தால் பெட்டியைப் பிரிக்காமல், படம் எடுத்து, கவுன்ட்டரில் நின்றபடியே விடுதிக்கும் இணையதளத்துக்கும் மெயில் போட்டுவிடுங்கள்.