அன்னாள் அழவேயில்லையா?

கேள்வி: என் மகன் 3 மாதக் குழந்தையாக மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, “பிழைத்தால் உமக்கே கொடுக்கிறேன்” என்று பொருத்தனை பண்ணினேன். இப்போது அவனுக்கு 24 வயது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஜார்க்கண்டில் மிஷனரி ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான். ராத்திரியெல்லாம் அழுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன். “அன்னாள் சாமுவேலைச் சந்தோஷமாகக் கொடுத்தாளே, உங்களுக்கு விசுவாசம் போதாது” என்கிறார்கள். நான் கீழ்ப்படியாதவளா?
- ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அன்னாளைக் காட்டித்தானே உங்களை மடக்கினார்கள்? பிள்ளையில்லாமல் அழுது, ஆண்பிள்ளை தந்தால் கர்த்தருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணிச் சாமுவேலைப் பெற்றவள் அவள். 1 சாமுவேல் முதல் 2 அதிகாரங்களை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த பிறகு, வருஷாந்தரப் பலிக்கு அவள் புருஷன் எல்க்கானா, கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்குக் கிளம்புகிறான். அன்னாள் போகவில்லை. பால் மறக்கட்டும், அப்புறம் கொண்டுபோகிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அந்தக் காலத்தில் பால் மறக்க 3 வருஷம்கூட ஆகும். கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிற மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் ஒரு தாய் அப்படிச் சொல்கிறாள். பொருத்தனை பண்ணினவள் அவகாசம் எடுத்துக்கொண்டாள். கர்த்தர் கோபித்துக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை.

கொடுத்த பிறகு அவள் பாடினாள், உண்மை. ஆனால் அந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னச் சட்டை வருகிறது. வருஷந்தோறும் மகனுக்கு ஒன்று தைத்துக்கொண்டு போவாளாம். பையனோ சீலோவில். அளவெடுக்க ஆள் பக்கத்தில் இல்லை. போன வருஷம் தோள் இவ்வளவு இருந்தது, இந்த வருஷம் இன்னும் 2 விரற்கடை கூடியிருக்கும் என்று மனதிலேயே கணக்குப் போட்டுத்தானே துணியை வெட்டியிருப்பாள்? அந்தத் துணியில் கண்ணீர் விழவில்லை என்று உங்கள் சங்கத்து அம்மாமார் எந்த வசனத்தில் கண்டார்களோ, தெரியவில்லை.

மரியாளுக்கும் இதே கதிதான். “இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை” என்ற வசனம் அன்னையர் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் வந்துவிடும். லூக்கா முதல் அதிகாரத்தில் அது 38-வது வசனம். 34-ல் அவள் “இது எப்படியாகும்?” என்று தேவதூதனிடமே கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள். நீங்களும் இப்போது 34-க்கும் 38-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழ்ப்படியாமை என்று பெயர் இல்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசக்கலாம். உங்கள் பொருத்தனைக்காகத்தான் அவன் போகிறானா? அப்படியானால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சாமுவேலையே அம்மாவின் பொருத்தனையோடு விட்டுவிடவில்லை, ஆண்டவர் ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பையனும் தன் வாயாலேயே பதில் சொன்னான். உங்கள் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நான் அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடு. உனக்கு அழைப்பு இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் உங்கள் பங்கு தடுக்காமல் இருப்பது. இல்லை என்றால் அவனை விட்டுவிடுங்கள், ஊரிலிருந்தும் ஊழியம் செய்யலாம்.

கல்விக்கடன் பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்கு வழி பண்ணிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். மாதம் என்ன படி கொடுப்பார்கள், சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள், வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்பதையும் அனுப்புகிற ஸ்தாபனத்திடம் நேரிலேயே கேளுங்கள். தாய் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஜார்க்கண்டுக் கிராமங்களில் மலேரியா உண்டு. நல்ல கொசுவலையாக ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பையன்களுக்கு இதெல்லாம் ஞாபகம் வராது.