'உண்மைக் கதையைத் தழுவியது' என்று போடும் விளையாட்டுப் படத்தில் எவ்வளவு உண்மை?

'தழுவியது' என்றால் முக்கிய மனிதரும் முக்கிய நிகழ்வும் நிஜம், இடைப்பட்ட காட்சிகள் எழுத்தாளர் அமைத்தவை என்று பொதுவாகப் பொருள். 'தூண்டுதலில் உருவானது' என்று போட்டிருந்தால் கற்பனை இன்னும் அதிகம் இருக்கலாம்.

காரணம், நேரம். பத்து வருடப் பயிற்சி இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் நாலைந்து பயிற்சியாளர்கள் ஒரே பாத்திரமாகிறார்கள், வெவ்வேறு வருடத் தோல்விகள் ஒரே பருவத்தில் வருகின்றன. நிஜப் பயிற்சியில் பெரும்பகுதி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். அதைத் திரையில் நீட்டிக் காட்ட முடியாது. ஆகவே தடையாக ஒரு ஆள் தேவைப்படுகிறார், பெரும்பாலும் கெடுபிடியான அதிகாரி.

2016இல் வந்த 'தங்கல்' நல்ல உதாரணம். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டு இறுதிப் போட்டியில் மல்யுத்த வீராங்கனை கீதா போகட் கடைசி நொடியில் தப்பிப் பிழைத்து வெல்வதாகப் படம் காட்டும். நிஜத்தில் எளிதாகவே வென்றார். அப்போது அவருடைய தந்தையை அறையில் பூட்டி வைப்பதாக வரும் காட்சியும் கற்பனை.

நீண்ட பேருந்துப் பயணத்தை வீட்டில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொல்ல மாட்டோம். நடத்துநரோடு நடந்த வாக்குவாதம் மட்டும் கொஞ்சம் பெரிதாகும்.

படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டியலுக்கு முன் வரும் எழுத்துகளிலும் நிஜப் புகைப்படங்களிலும் பெரும்பாலும் நிஜத் தகவல் கிடைக்கும். பிறகு வருடம், எதிராளி, புள்ளிகள் மூன்றையும் அக்காலச் செய்திகளோடு ஒப்பிட்டால் போதும்.

காட்சியை மாற்றிவிட்டார்கள் என்பதால் சாதனையே பொய் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு: காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் கீதாதான்.