திடீரென்று வைரலாவது அதிர்ஷ்டம்தானே, அதில் என்ன கஷ்டம்?

"லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள், பைசா செலவில்லாத விளம்பரம், இதற்குப் போய் ஏன் வருத்தப்படுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நடிகருக்குப் புகழ் வரும்போது கூடவே மேனேஜர், வக்கீல், பாதுகாப்புக்கு ஆள், கையில் காசு எல்லாம் வந்துவிடும். தற்செயலாக வைரலானவருக்குக் கூட்டம் மட்டும்தான் வரும். மறுநாளும் அவர் அதே பஸ்ஸில் ஏறி அதே வேலைக்குப் போக வேண்டும்.

2025 ஜனவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் மாலை விற்ற ஒரு இளம்பெண்ணின் வீடியோ பரவியது நினைவிருக்கும். எல்லாரும் அவருடைய கண்களைப் புகழ்ந்தார்கள். தேடிக்கொண்டு வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்களே தவிர மாலை வாங்கவில்லை. மொய்த்த கூட்டத்தில் வியாபாரம் படுத்து, மேளா முடிவதற்கு முன்பே வீட்டார் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு சினிமா வாய்ப்பு வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் அவர் பிழைப்பைக் கெடுத்தது வசவு கூட இல்லை, பாராட்டு.

வசவு என்றால் நிலைமை இன்னும் மோசம். என் தோழி ஒருத்தி பொது இடத்தில் ஒருவரிடம் கோபமாகக் கத்துவதை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் அந்த ஆள் அவள் அம்மாவை இடித்துத் தள்ளியது வீடியோவில் இல்லை. கத்தல் மட்டும், மேலே சிரிப்பு மியூசிக். அன்று ராத்திரி அது அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. மங்கலான வீடியோ, அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "இந்தக் கூத்தைப் பாருங்க" என்று எழுதியிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் விழுந்தன. யாரோ அவருக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று அழித்துவிட்டார். அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் திட்டியதைவிட அந்த மௌனம்தான் தன்னை உடைத்தது என்று சொன்னாள்.

அப்புறம் ஒரு நேர்முகத் தேர்வு. கேள்விகள் எல்லாம் நன்றாகவே போயின. கடைசியில் எதிரில் இருந்தவர், "அந்த வீடியோவுல இருக்கறது நீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவ்வளவு நேரம் தன் வேலையைப் பற்றிப் பேசிய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிட்டது என்றாள். இதைத்தான் நான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். புதிதாக ஒருவரைச் சந்தித்து, நம்மைப் பற்றி நாமே சொல்லித் தொடங்கும் வாய்ப்பு நம் எல்லாருக்கும் இருக்கிறது. அவளுக்கு அது போய்விட்டது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிராளியிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. பார்த்தவர்களுக்கு அது சில விநாடிச் சமாச்சாரம், மறந்திருப்பார்கள். பார்க்கப்பட்டவர் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும்.

இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை. யூடியூப் வருவதற்கு முன்பே, 2003-ல், கனடாவின் கியூபெக்கில் ஒரு பள்ளி மாணவன் தனியாகக் கோலைச் சுழற்றி விளையாடித் தனக்காக எடுத்துக்கொண்ட வீடியோவை, சக மாணவர்கள் கண்டெடுத்து இணையத்தில் போட்டார்கள். உலகமே சிரித்தது. அந்தப் பையன் பள்ளியை விட்டான், மனநல சிகிச்சை தேவைப்பட்டது, செத்துப்போ என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். குடும்பம் வழக்குப் போட்டு 2006-ல் சமரசம் ஆனது. பிறகு அவர் சட்டம் படித்து மேலே வந்தார். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச மட்டும் 2013 வரை ஆயிற்று.

ஹங்கேரியின் ஆண்ட்ராஷ் அராட்டோ மாதிரி சமாளித்தவர்களும் உண்டு. விளம்பரப் படங்களுக்காகச் சிரித்த அவர் முகத்தை, வலியை மறைத்துச் சிரிக்கும் தாத்தா என்று மீமாக்கினார்கள். அவருக்கும் முதலில் பிடிக்கவில்லை, பின்னால் ஏற்றுக்கொண்டு மேடைகளில் பேசினார். ஆனால் அவர் 60 வயதைத் தாண்டிய பொறியாளர், வாழ்க்கையில் ஏற்கெனவே காலூன்றியவர். 15 வயதுப் பிள்ளையிடம் போய் "அவரைப் போல ஜாலியா எடுத்துக்கோ" என்று சொல்வது நியாயமே இல்லை.

சட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பால், அங்கே ஒருவர் தன் பெயரைத் தேடினால் வரும் சில முடிவுகளை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அதில் தேடல் முடிவு மறையுமே ஒழிய, ஆயிரம் போன்களில் இறங்கிவிட்ட பிரதி மறையாது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், முதல் வாரம் கமெண்டுகளை அவர் படிக்க வேண்டாம், நீங்கள் படியுங்கள். மிரட்டல் இருந்தால் புகார் கொடுப்பதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து லிங்கோடு சேர்த்து வையுங்கள், அவர்கள் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். சேனல்காரர்கள் பேட்டி கேட்டு நெருக்குவார்கள். அந்த வாரம் எதற்கும் தலையாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அக்கறை இருப்பவர்கள் ஒரு மாதம் கழித்தும் கூப்பிடுவார்கள்.