வசைப்பெயரைச் சூடிக்கொண்டவர்கள்

அன்புள்ள அம்மா,

ஆங்கிலத்தில் ஏளனமாக வைக்கப்பட்டு, பின்னர் நிலைத்துவிட்ட பெயர்களைத் திரட்டிவருகிறேன். டோரி (ஓர் அரசியல் கட்சியினர்), குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), சஃப்ரஜெட் (வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள்) என்று சில கிடைத்திருக்கின்றன. இன்னும் சில சொல்லுங்கள். அந்தக் காலத்தவர்கள் கேலியைச் சிரித்தே கடந்திருக்கிறார்கள். இன்று எல்லோருக்கும் தொட்டாற்சிணுங்கி மனம். கல்லூரி விடுதியில் எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அழும் என் மகளிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

கி.

அன்புள்ள கி.,

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெயர், ஆங்கில உள்நாட்டுப் போரில் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர்களுக்கு வைத்த ரவுண்ட்ஹெட், இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நல்ல அகராதி ஒன்று தந்துவிடும்.

சிரித்தே கடந்தார்கள் என்று எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள்? 1650இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில், அந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸைக் குவேக்கர் என்று இளக்காரமாக அழைத்த நீதிபதிதான் அவரைச் சிறைக்கும் அனுப்பினார். சஃப்ரஜெட் என்பது வாக்குரிமை கேட்ட பெண்களைச் சிறுமைப்படுத்த 1906இல் டெய்லி மெயில் என்ற லண்டன் நாளிதழ் கட்டிய பெயர். 1912இல் அந்தப் பெண்களே தங்கள் பத்திரிகைக்கு அதைச் சூட்டினார்கள். உங்கள் பட்டியலில் இது ஒரு வரி. நடுவில் இருக்கும் ஆறு வருடங்களில் நடந்ததைப் படித்தீர்களா?

அந்தப் பெண்களில் ஒருவரான கான்ஸ்டன்ஸ் லிட்டனைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் செத்து விழுந்தபோது வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள். 1909இல் நியூகாஸில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பிரபு வீட்டுப் பெண் என்பதால் இதயத்தைப் பரிசோதித்து, பலவீனமாக இருக்கிறது என்று விடுவித்துவிட்டார்கள். ஏழைப் பெண்ணுக்கும் இதே கரிசனம் கிடைக்குமா என்று பார்க்க, அடுத்த ஜனவரியில் லிவர்பூலில் ஜேன் வார்ட்டன் என்ற தையற்காரியாகப் போய்க் கைதானார். முடியைக் கத்தரித்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, பொருந்தாத உடை அணிந்து, வேண்டுமென்றே தன்னை அவலட்சணமாக்கிக்கொண்டார். பார்வைக்கு லட்சணமில்லாத கைதிகளிடம்தான் சிறையில் இரக்கம் மிகக் குறைவு என்பதை முன்பே கவனித்திருந்தார்.

இந்த முறையும் உண்ணாவிரதம் இருந்தார். ஆனால் இதயத்தை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. வாயை இரும்புக் கருவியால் பிளந்து, குழாயைத் தொண்டைக்குள் இறக்கி உணவை ஊற்றினார்கள். எட்டு முறை. முதல் நாள் அவர் வாந்தி எடுத்து, உடையெல்லாம் நனைந்து கிடந்தபோது, மருத்துவர் வெளியே போகுமுன் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார். பலமான அறை இல்லை, இகழ்ச்சியைக் காட்டுவதற்கான தட்டு என்று லிட்டனே எழுதியிருக்கிறார். குழாயின் கொடுமையை எழுதியவர் அந்தத் தட்டையும் மறக்காமல் எழுதினார், கி. அதைச் சிரித்தே கடந்தது என்பீர்களா? 1912இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. சிறை அனுபவங்களை இடது கையால்தான் எழுதி முடித்தார்.

அந்தப் பெயருக்கு இன்று ஒரு கௌரவம் இருக்கிறதென்றால் அது இப்படிப்பட்டவர்கள் ஈட்டியது. கேலி செய்தவர்களுக்கு அதில் காலணா பங்கு கிடையாது. கேலியைத் தாங்கியவரின் பெருமையை எடுத்து, அடுத்த கேலிக்கு அனுமதிச் சீட்டாக நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் கடிதம் அங்கேதான் போய் நிற்கிறது.

விடுதியில் நீங்கள் சிரித்தது வேறு வழியில்லாமல்தானே? இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயரை எனக்கு எழுத உங்களுக்குக் கை வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. விடுதியில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையனை அன்று யாராவது கூப்பிட்டு விசாரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எந்தப் பிள்ளைகள், எந்த ஆசிரியர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று கேளுங்கள். திங்கட்கிழமையே பள்ளிக்குப் போய்வாருங்கள்.