எழுதிக் கொடுத்த வீடு திரும்பக் கிடைக்குமா?

மூத்த குடிமக்கள் சட்டம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: எனக்கு 71 வயது. 2019-ல் என் பெயரிலிருந்த வீட்டை மூத்த மகனுக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மகள்தான் பணம் அனுப்புகிறாள். பத்திரத்தை ரத்து செய்ய மகனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில். கலெக்டர் ஆபீஸில் இரண்டு முறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பத்திரப்பதிவு அலுவலகத்தில் சொன்னது சரிதான். மகன் ஏற்றுக்கொண்ட செட்டில்மென்ட்டை நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. அது செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) உண்டு. 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி தீர்ப்பாயத்தை நடத்துபவர் அவர்தான்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் ‘என் மகன் மீது நடவடிக்கை எடுக்கவும்’ என்றே முடிகின்றன. அப்படி எழுதினால் மனு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். ‘குடும்பத் தகராறு, சமரசம் பேசப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள். மனுவை நேராக ஆர்.டி.ஓ. பெயருக்கே எழுதுங்கள். கோரிக்கையைப் பிரிவு எண்ணோடு கேளுங்கள்: ‘சட்டப்பிரிவு 23(1)-ன்படி இன்ன தேதியிட்ட, இன்ன எண் செட்டில்மென்ட் பத்திரத்தைச் செல்லாது என அறிவித்து, வீட்டின் சுவாதீனத்தை என்னிடம் ஒப்படைக்கவும், பிரிவு 5-ன்படி மாதப் பராமரிப்புத் தொகையும், விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகையும் வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.’

பத்திர நகல், வில்லங்கச் சான்று, வயதுச் சான்று, மருந்துச் சீட்டுகள், மகள் பணம் அனுப்பியது தெரியும் பாஸ்புக் பக்கங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்’ என்று மகன் சொன்னபோது கூட இருந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

வழக்கு பெரும்பாலும் சிக்கும் இடம் இதுதான். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பற்றித்தான் 23-வது பிரிவு பேசுகிறது. உங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால், நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற 2022 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மகன் தரப்பு காட்டும். அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், சுவாதீனத்தை ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை, அன்பின் பேரில் கொடுத்ததிலேயே அது அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-ல் சொல்லியிருக்கிறது. பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ‘உன்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்ற வரி அநேகமாக இருக்கும். அதை அடிக்கோடிட்டு மனுவில் சேருங்கள்.

உத்தரவு வந்ததும் நகலைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கொடுத்து வில்லங்கத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் பட்டாவையும் மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் காகிதத்தில் வீடு மகன் பெயரிலேயே நிற்கும். மனுவையும் தள்ளிப்போடாதீர்கள். வேறொருவருக்கு விற்றுவிட்டால் மீட்பது பல மடங்கு கடினம்.

கேள்வி: மூன்று பிள்ளைகள். ஒருவன்தான் வசதியானவன். அவன்மீது மட்டும் பராமரிப்பு மனு போடலாமா? வக்கீல் வேண்டுமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: போடலாம். ஆனால் மற்ற இருவரையும் சேர்க்கச் சொல்லி அவர் கேட்க முடியும். அதில் மாதங்கள் ஓடும். மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, யாருக்கு என்ன வருமானம் என்று எழுதிவிடுவது மேல். மருமகளும் மருமகனும் சட்டத்தின் ‘பிள்ளைகள்’ வரையறைக்குள் வரமாட்டார்கள்.

வக்கீல் வேண்டாம். நீங்கள் விரும்பினால் பராமரிப்பு அலுவலரான மாவட்ட சமூகநல அலுவலர் உங்களுக்காக ஆஜராவார். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயம் மனுவை முடிக்க வேண்டும். ஒருமுறை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம். பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007-ல் வைத்த தொகை, இன்றைய மருந்து விலைக்குப் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் வராவிட்டால், கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். தாமதித்தால் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியாது. வாரண்டுக்குப் பிறகும் பணம் கட்டாத பிள்ளையை ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம்.

கேள்வி: பிள்ளை இல்லாத என் அத்தைக்கு யார் பொறுப்பு?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவர் சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவருக்குப் பின் பெறப்போகிற வாரிசு. பலர் இருந்தால் பங்கின் விகிதப்படி. அத்தையால் முடியாவிட்டால் அவர் அதிகாரமளித்தவர் மனு கொடுக்கலாம். முதல் ஆலோசனைக்கு 14567 இலவச எண்ணை அழையுங்கள்.

கேள்வி: வீட்டை மகளுக்கு எழுதப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: அவசரம் இல்லையென்றால் உயில் போதும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்தான் என்றால் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உங்களுக்கே. இரண்டு, உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தருவது மகளின் கடமை, தவறினால் 23(1)-ன்படி பத்திரம் செல்லாது. ‘இன்றுமுதல் எனக்கு எவ்வித பாத்தியமும் இல்லை, ரத்து செய்யும் அதிகாரமும் இல்லை’ என்ற வரி பத்திர எழுத்தரின் பழைய மாதிரியிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துவிடும். கையெழுத்துக்கு முன் வரைவை வீட்டுக்கு வாங்கி வந்து படித்து, அதை நீக்கச் சொல்லுங்கள்.