குட்டனுக்கு டிரை ஃபுட்டா, வெட் ஃபுட்டா?

கேள்வி: எங்கள் கடுவன் பூனை குட்டனுக்கு 3 வயது, நாலரைக் கிலோ எடை. கருத்தடை செய்தாயிற்று. மகள் பாறசாலையிலிருந்து டிரை ஃபுட் வாங்கி வருகிறாள். மாமியார் சோற்றில் சாளை மீன் (மத்தி) பிசைந்து வைக்கிறார். வெட் ஃபுட் பாக்கெட்தான் நல்லது என்கிறார் கணவர். எதைக் கொடுக்க? அப்புறம், நேற்றிலிருந்து அடிக்கடி மண் தொட்டியில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.
– வாசகி, களியக்காவிளை

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் அன்றே ஃபோன் செய்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அடிக்கடி மண் தொட்டிக்குப் போவது சிறுநீர் வராமல் முக்குவதாக இருக்கலாம். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருந்து நான் ஒரு பூனையை இழந்திருக்கிறேன். குட்டனுக்கு அடைப்பு இல்லை, சிறுநீர்ப்பையில் அழற்சிதான், தண்ணீர் நிறைய உள்ளே போகவேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள் திரும்ப அழைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாட்டையும் அந்தத் தண்ணீரை வைத்தே முடிவு செய்யுங்கள். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே நீரை எடுத்துப் பழகியதால் அதற்குத் தாகம் குறைவு. டிரை ஃபுட்டில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் நீர். வெட் ஃபுட்டில் 75 முதல் 80 சதவீதம். 85 கிராம் பாக்கெட் இரண்டு சாப்பிட்டாலே 130 மில்லி தண்ணீர் தானாக உள்ளே போய்விடும். ஆகவே நான் உங்கள் கணவர் பக்கம். காலையும் மாலையும் ஒவ்வொரு பாக்கெட், இரவில் 15 கிராம் டிரை ஃபுட் போதும். பாக்கெட்டில் 'முழுமையான உணவு' என்ற பொருளில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில வகைகள் முழுச் சாப்பாடு அல்ல, அதோடு சேர்த்துக் கொடுக்கும் கூட்டுத்தீனி மட்டுமே.

செலவு கட்டுப்படியாகாவிட்டால், டிரை ஃபுட்டை வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். கடித்துத் தின்றால் பல் சுத்தமாகும் என்று சாதாரண டிரை ஃபுட்டை நம்பவேண்டாம். பெரிய பலன் இல்லை.

மாமியாரின் சாளையைத் தடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் மீன் வெட்டும்போது தலையையும் குடலையும் பச்சையாகப் போடவேண்டாம். பச்சைச் சாளையிலும் நெத்தோலியிலும் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். உப்பு, மிளகாய், உள்ளி (வெங்காயம்) எதுவும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, வாரம் ஒருமுறையோ இருமுறையோ கொடுக்கட்டும். அவித்த தண்ணீரையும் கொட்டாமல் ஊற்றுங்கள், குட்டன் நக்கிக் குடிப்பான். ஆனால் சோறும் மீனும் மட்டுமே தினச் சாப்பாடாக இருந்தால் டாரின் போன்ற சத்துகள் போதாமல் போகலாம். டாரின் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

நம் பக்கத்துப் புழுக்கத்தில் வெட் ஃபுட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். மழைக்காலத்தில் டிரை ஃபுட் நமத்துப் பூசணம் பிடிக்கும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள். பசித்தால் தின்பான் என்று பட்டினி போட்டுவிடவேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். முகம் திருப்பினால் அன்று பழைய சாப்பாட்டையே வைத்து, மறுநாள் ஒரு கரண்டி புதியதைக் கலந்து பாருங்கள்.