மீட்டர் படிவத்தில் கையெழுத்திட்டால் தண்ணீர் கைவிட்டுப் போய்விடுமா?

கேள்வி: கோயம்புத்தூரின் பழைய மாநகரப் பகுதியில், ஒரு லைன் வீட்டில் ஐந்து குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே குடிநீர்க் குழாய்தான். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு மீட்டர் பொருத்த வேண்டுமென்று படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். “தண்ணீர் இனிமேல் கம்பெனிக்குச் சொந்தம், 8,000 ரூபாய் கொடுங்கள், பழைய இணைப்பை நானே சரிசெய்து தருகிறேன்” என்கிறார் எங்கள் பகுதிக்காரர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 8,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். மாநகராட்சிக்குச் சேர வேண்டிய எந்தத் தொகைக்கும் மாநகராட்சியின் பெயரில், இணைப்பு எண் குறிப்பிட்ட ரசீது தரப்பட வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும், “அடுத்த வாரம் ரசீது வரும்” என்பதும் ரசீது ஆகாது. குழாய் பதிக்கும் வேலை எந்தத் தெருவுக்கு வந்தாலும் அதற்கு முந்தின நாளே தரகர் வந்து நிற்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். அச்சம்தான் அவருடைய முதலீடு. சட்டையில் அடையாள அட்டை தொங்குவதை மட்டும் பார்த்து நம்பிவிடாமல், அதில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டது என்பது உண்மையன்று. 2018ஆம் ஆண்டில் சூயஸ் என்ற பிரெஞ்சுக் குடிநீர் நிறுவனத்தோடு மாநகராட்சி செய்துகொண்ட 26 ஆண்டு ஒப்பந்தம், குழாய்களைப் புதுப்பித்து விநியோகத்தைப் பராமரிப்பதற்கானது. அதன் மதிப்பு 3,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் ஊருக்குத் தண்ணீர் தரும் சிறுவாணியும் பில்லூரும் விற்கப்படவில்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு மாநகராட்சியிடமே இருக்கிறது. ஆகவே மீட்டர் படிவத்தில் இடும் கையெழுத்தால் நீங்கள் எந்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட மாட்டீர்கள்.

இதனால், இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அன்று தெருவில் இறங்கிப் போராடியவர்கள் வீணாகப் பயந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் 1999ஆம் ஆண்டு, பெக்டெல் என்ற அமெரிக்க நிறுவனம் இடம்பெற்ற கூட்டமைப்புக்கு 40 ஆண்டுகளுக்குக் குடிநீர் விநியோகம் கொடுக்கப்பட்டது. முதலீட்டுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 15 விழுக்காடு லாபம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கட்டணம் திடீரென்று ஏறியது, மக்கள் எழுந்தார்கள், பதினேழு வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார், 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. அங்கே கேட்டைக் கொண்டுவந்தவை ஒப்பந்தத்தின் ஷரத்துகள். அப்படியிருக்க, நம் ஊர் ஒப்பந்தத்தின் ஷரத்துகளை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அதைச் செய்திருந்தால் தரகருக்கு இங்கே வேலையே இருந்திருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்து, பொதுக்குழாய்கள், கட்டண உயர்வு, விநியோகம் தடைப்பட்டால் நிறுவனத்துக்கு விதிக்கப்படும் அபராதம் ஆகிய மூன்றைப் பற்றிய ஷரத்துகளை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். வணிக இரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள்.

இனி, உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். ஆகவே கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். குடியிருப்பவர்கள் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம்.

அதைவிட முக்கியமானது அடுக்குக் கட்டணம். மின்சாரக் கட்டணத்தைப் போலவே, மீட்டர் வைத்த குடிநீருக்கும் பயன்பாடு கூடக் கூட லிட்டருக்கான விலை ஏறும்படி விகிதம் வைப்பது வழக்கம். ஒரு குடும்பம் மாதம் 10,000 லிட்டர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஐந்து குடும்பங்களும் கீழ் அடுக்கிலேயே நின்றுவிடும். ஒரே மீட்டரில் அது 50,000 லிட்டராகப் பதிவாகும். மீட்டருக்கு ஐந்து அடுப்புகள் தெரியாது, ஊதாரித்தனமான ஒரே வீடு என்றுதான் அதன் கணக்கு. தோட்டமும் காரும் வைத்திருக்கும் தனி வீட்டுக்காரருக்கென்று வகுத்த மேல் அடுக்கு விலையை, குடம் குடமாகப் பிடிக்கும் நீங்கள் கட்ட நேரும். மீட்டர் பொருத்தும் முன்பே, ஒரே வளாகத்தில் ஐந்து குடியிருப்புகள் இருப்பதைக் குறிப்பிட்டு, தனித்தனி இணைப்பு வேண்டுமென்றோ அடுக்கைக் குடும்ப வாரியாகக் கணக்கிட வேண்டுமென்றோ உரிமையாளரின் கையெழுத்தோடு மனுக் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எந்த எழுத்தரும் நினைவில் வைத்திருக்க மாட்டார். மனு நிலுவையில் இருக்கும் வரை, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் சிறிய மீட்டர் ஒன்றைச் சொந்தச் செலவில் பொருத்திக்கொண்டால், கட்டணத்தைப் பங்கிடும்போது சண்டை வராது.

மீட்டர் வந்த அன்றே ஒன்று செய்யுங்கள். எல்லாக் குழாய்களையும் இறுக மூடிவிட்டு, மீட்டர் முகப்பில் உள்ள சிறிய சக்கரத்தைக் கால் மணி நேரம் கவனியுங்கள். சுற்றினால் வளாகத்துக்குள் எங்கோ கசிவு இருக்கிறது. அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். தண்ணீர் இன்னும் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் இன்னொரு கேடும் உண்டு. திறந்துவிட்டவுடன் குழாயில் அடைந்திருக்கும் காற்று சீறிக்கொண்டு வந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் முன்பே சக்கரத்தைச் சுற்றிவிடும். குழாயில் இடைவிடாமல் நீர் நிரம்பியிருந்தால் இந்தக் காற்றுக் கணக்கு எழாது. 24 மணி நேரமும் தண்ணீர் தராமல் மீட்டரை மட்டும் முதலில் மாட்டிவிட்டு அளவுப்படி பில் போடுவது நியாயமாகாது. தண்ணீர் வரும் நாட்களில், திறப்பதற்கு முன்பும் முதல் குடம் நிரம்பியபோதும் மீட்டர் எண்ணைத் தேதியோடு கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில் வரும்போது அந்தப் படங்களோடு மண்டல அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.